எந்தப் பைல் எவ்வளவு சுமக்கிறது

மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரக் கால்தான் பைல். கட்டடத் தூண் ஒன்றின் அடியில் ஒரே ஒரு பைல் நின்றால், தூணின் பாரம் முழுவதும் அதன் தலையில்தான் இறங்கும். முக்கோணமாக மூன்று பைல்கள் நின்றாலும் சிக்கல் இல்லை. பாரம் எந்த இடத்தில் இறங்குகிறது என்று தெரிந்தால் மூன்றின் பங்கையும் நிலையியல் விதிகளைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். நான்காவது பைல் வந்து சேரும்போதுதான் அந்த விதிகள் போதாமல் போகின்றன. நான்கு பைல்களின் மேல் 200 டன் இறங்கினால் ஒவ்வொன்றுக்கும் 50 டன் என்று வகுத்துவிடக் கை பரபரக்கும். ஆனால் மண்ணுக்குள் நடப்பது வகுத்தல் கணக்கு அல்ல.

இந்தச் சிக்கலை முதலில் முறையாக எடுத்துப் பேசியவர்களில் ஒருவர் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 1774இல் வெளியான கட்டுரையில், நான்கு கால் மேசை தரையை அழுத்தும்போது எந்தக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கேட்டார். தரை துளியும் அமுங்காது என்று கொண்டால் விடையே கிடைக்காது. அழுத்தத்துக்கு ஏற்ற அளவில் தரை அமுங்கும், நான்கு கால்களின் அடிகளும் ஒரே தளத்தில் இருக்கும் என்ற இரண்டு அனுமானங்களைச் சேர்த்துக்கொண்டதும் விடை கிடைத்தது. இன்றைக்குப் பொறியியல் கல்லூரிகளில் பைல் கூட்டத்துக்குக் கற்பிக்கப்படும் அடிப்படைச் சூத்திரம் இந்த இரண்டு அனுமானங்களின் மேல்தான் நிற்கிறது.

கோயில் சப்பரத்தைத் தோளில் ஏந்துபவர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். உயரமானவர் தோளில் பாரம் ஏறும். குட்டையானவர் தோளுக்கும் தண்டுக்கும் இடையில் காற்றுப் போகும். அதனால்தான் ஒரே உயரத்தவரை இணை சேர்க்கிறார்கள். பைல்களிலும் இதே நிலைதான். கீழே இறங்க மறுப்பது அதிகம் சுமக்கும், எளிதில் இறங்கிக் கொடுப்பது குறைவாகச் சுமக்கும். அஸ்திவாரக் கலையின் கடந்த இருநூறு ஆண்டு வரலாறு, பாரம் சமமாகப் பிரியும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்ட வரலாறு. அதன் கட்டங்கள் ஏறக்குறைய அனைத்தையும் தமிழ்நாட்டின் ஆறுகளிலும் கடற்கரையிலும் மலைச்சரிவுகளிலும் காணலாம்.

ஆற்றில் தொடங்குவதே முறை. காவிரியின் குறுக்கே கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணைக்கு அடியில் பாறை இல்லை. ஆழம் காண முடியாத மணல்தான் இருக்கிறது. பெரிய கற்களை அந்த மணலில் போட்டார்கள். வெள்ளம் அடிமணலை அரிக்க அரிக்கக் கற்கள் அமிழ்ந்தன. அவற்றின் மேல் மேலும் கற்கள் அடுக்கப்பட்டன. இறங்க வேண்டியது இறங்கி முடிந்தபின் மேலே நின்றதுதான் அணை. தனித்தனித் தாங்கிகள் இல்லாத அமைப்பு இது. ஓரிடத்தில் மணல் இளகினால் அங்குள்ள கல் தாழும், பக்கத்துக் கற்கள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். தளர்ந்த மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தாங்கள் இந்த நாட்டின் பழைய அணைக் கட்டுநர்களிடமிருந்தே கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் அந்தக் காலத்தில் அப்படி எழுதியது சிறிய செய்தி அல்ல.

காட்டனின் மேற்பார்வையில் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. மணல் ஆறுகளில் இத்தகைய வேலைகளுக்குத் தென்னிந்தியாவில் கைவந்த முறை கிணறு இறக்குவது. செங்கல் வளையத்தை மணல்மேல் கட்டி, உள்ளே இருந்து மணலை அள்ள அள்ள, வளையம் தன் பாரத்தாலேயே கீழே போகும். மேலே மேலே கட்டிக்கொண்டே இறக்குவார்கள். தேவையான ஆழம் வந்ததும் உள்ளே கல்லும் காரையும் இட்டு நிரப்பி, வரிசையாக நிற்கும் கிணறுகளின் தலைகளை வளைவுகளாலோ கட்டுமானத் தளத்தாலோ இணைப்பார்கள். பிற்காலத்துப் பைல் கூட்டத்தின் மூதாதை இதுதான். பல தாங்கிகள், அவற்றை இணைக்கும் ஒரு தலை, மேலே ஒரு பாரம் என்ற மூன்று உறுப்புகளும் இதில் வந்துவிட்டன.

கிணறு இறங்க மறுத்தால் அதன் தலையில் கல்லையும் இரும்பையும் ஏற்றி அழுத்துவது வழக்கம். அதில் ஒரு மறைமுக நன்மை இருந்தது. பின்னால் வரப்போகும் பாரத்தை ஒத்த பாரத்தைக் கிணறு முன்கூட்டியே ஒருமுறை தாங்கிப் பார்த்துவிடும். தளர்ந்த மண்ணில் நிற்கும் கிணறு அப்போதே தாழ்ந்துவிடும். எல்லாக் கிணறுகளும் ஏறக்குறைய ஒரே விறைப்புக்கு வந்தபின்தான் மேல்கட்டு எழும். கணக்குத் தாளில் எழுதாமலே பாரப் பங்கீட்டைச் சரிசெய்த முறை என்று இதைச் சொல்லலாம்.

ஆற்று மணலில் கிணறு போதும். அலை புரளும் கடலில் வளையம் கட்டி மணல் அள்ள முடியாது. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. இதற்கு மாற்றாக 1861இல் ஏறத்தாழ 335 மீட்டர் நீளத்தில் கடலுக்குள் ஓர் இரும்புத் துறைமேடை நீட்டப்பட்டது. அதன் கால்கள் திருகுப் பைல்கள். அடிநுனியில் அகன்ற திருகுத் தகடு பொருத்திய இரும்புத் தண்டை மணலுக்குள் திருகி இறக்குவார்கள். இதைக் கண்டுபிடித்து 1833இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் மிட்செல் அயர்லாந்துக்காரர், இளமையிலேயே பார்வை இழந்தவர். தகட்டின் பரப்பு மண்ணில் பாரத்தை விரித்துக் கொடுக்கும். அத்துடன் திருகும்போது மண் எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வேலையாட்களின் கையே உணர்ந்துவிடும்.

துறைமேடைப் பைல்களின் பாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. அலை பக்கவாட்டில் தள்ளுகிறது, கப்பல் மோதுகிறது. முன்வரிசைப் பைல் முதல் அடியை வாங்கினாலும், குறுக்குத் தண்டுகளால் அனைத்தையும் பிணைத்தால் அடி பின்வரிசைக்கும் பகிரப்படும். பிணைப்பு அறுந்தால் ஒவ்வொரு காலும் தனிமரம். சென்னையின் துறைமேடை 1868, 1872 ஆண்டுகளின் புயல்களில் சேதமடைந்து பயன் இழந்தது. அலையை முதலில் கல் மதில்களால் தடுக்காமல் கப்பல் துறை அமைக்க முடியாது என்ற முடிவுக்கு அதன்பிறகே நகரம் வந்தது.

புதுச்சேரியில் 1866இல் கட்டிய இரும்புத் துறைமேடை நெடுங்காலம் நின்று, 1952 புயலில் அழிந்தது. பின்னர் வேறொரு இடத்தில் கான்கிரீட்டில் எழுந்த புதிய துறைமேடையின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. இத்தகைய அமைப்புகள் சாயும் விதத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு காலைச் சுற்றி மணல் அரிக்கப்பட்டால் அது மண்ணில் பிடிப்பை இழக்கிறது. அதன் பங்கு மறையாது. பக்கத்துக் கால்களுக்குப் போய்ச் சேரும். அவை ஏற்கெனவே தம் எல்லையை நெருங்கியிருந்தால் அடுத்தடுத்துத் தளரும். பாரப் பங்கீடு கட்டும் நாளில் ஒருமுறை தீர்மானிக்கப்பட்டு முடிந்துபோகும் விஷயமல்ல. மண் மாறும்போதெல்லாம் அது மாறுகிறது.

இதற்கெல்லாம் முன்பே உலகின் வேறு பகுதிகளில் மரப் பைல்களை அடித்து இறக்கும் தொழில் பெருகியிருந்தது. ஆம்ஸ்டர்டாமின் அரண்மனை, 1648இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது நகர மன்றக் கட்டடம், 13,659 மரக் கால்களின் மேல் நிற்கிறது. அவற்றில் எது எவ்வளவு சுமக்கிறது என்று எவரும் கணக்கிடவில்லை. நெருக்கமாக அடித்தார்கள், அவ்வளவுதான். கணக்கு வந்தபோதும் அது ஒற்றைப் பைலுக்கே வந்தது. அமெரிக்காவில் ‘எஞ்சினியரிங் நியூஸ்’ இதழின் ஆசிரியர் ஆர்தர் மெலன் வெலிங்டன் 1888இல் ஒரு சூத்திரம் தந்தார்: சம்மட்டியின் எடை, அது விழும் உயரம், கடைசி அடிகளில் பைல் எவ்வளவு இறங்கியது என்ற மூன்றையும் வைத்துப் பைலின் தாங்குதிறன் சொல்லப்பட்டது. ஆறு மடங்கு பாதுகாப்பு சேர்த்த சூத்திரம் என்பதால் பலரும் நிம்மதியாகப் பயன்படுத்தினார்கள். ஒரு பைல் 30 டன் தாங்கும் என்றால் ஒன்பது பைல்கள் 270 டன் தாங்கும் என்று பெருக்கினார்கள்.

பெருக்கல் தவறு. இதை விளங்க வைத்தது மண் இயந்திரவியல் என்ற புதிய துறை. கார்ல் டெர்சாகி 1925இல் வெளியிட்ட நூல் அதற்கு அடித்தளமிட்டது. ஒரு பைல் தன்னைச் சுற்றிய மண்ணை உராய்வால் கீழே இழுக்கிறது. அந்த இழுப்பு பைலின் விட்டத்தைப்போலப் பல மடங்கு தொலைவு வரை பரவும். அருகில் இன்னொரு பைல் இருந்தால் இரண்டின் அழுத்த மண்டலங்களும் ஒன்றின்மேல் ஒன்று படியும். ஒற்றைப் பைலைச் சோதித்தால் சில மில்லிமீட்டரே தாழும். அதே பாரத்தை ஒவ்வொரு பைலுக்கும் கொடுத்து நூறு பைல் கூட்டத்தை ஏற்றினால் பல மடங்கு தாழும். ஆழத்தில் இருக்கும் களிமண்ணுக்கு மேலே நிற்பவை நூறு தனிப் பைல்கள் அல்ல, ஒரு பெரிய கட்டை.

இதற்கு எளிய திருத்தங்கள் பல முன்வைக்கப்பட்டன. ஜேக்கப் ஃபெல்ட் 1943இல் சொன்ன விதியை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்: பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு பைலுக்கும், ஒரு பைலின் தாங்குதிறனில் பதினாறில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பைல்கள் நிற்கும் கூட்டத்தில் மூலைப் பைலுக்கு மூன்று அண்டைகள். அதன் திறன் பதினாறில் பதின்மூன்று. ஓரத்தின் நடுவில் நிற்பதற்கு ஐந்து அண்டைகள், பதினாறில் பதினொன்று. நட்டநடுவில் நிற்பதைச் சுற்றி எட்டு. அதன் திறன் பாதி. அனைத்தையும் கூட்டினால் ஒன்பது பைல்கள் ஆறரைப் பைலின் வேலையைச் செய்கின்றன. இன்றைய பார்வையில் இது தோராயம். ஆனாலும் நடுப் பைல்தான் கூட்டத்தில் பலவீனமானது என்ற உண்மையை அது சரியாகப் பிடித்தது.

பாரம் உண்மையில் எப்படிப் பிரிகிறது என்பதைச் சோதனை சொன்னது. இங்கிலாந்தில் தாமஸ் விட்டேக்கர் 1957இல் களிமண்ணில் சிறு மாதிரிப் பைல் கூட்டங்களை அமைத்து ஒவ்வொன்றின் தலையிலும் இறங்கிய பாரத்தை அளந்தார். நெருக்கமாக நின்ற கூட்டங்களில் மூலைப் பைல்கள் அதிகமாகவும் நடுப் பைல் குறைவாகவும் சுமந்தன. காரணம் விளங்கக்கூடியதே. பைல்களின் தலைகளை இணைக்கும் தடித்த தொப்பி எல்லாப் பைல்களையும் ஒரே அளவு இறக்குகிறது. நடுப் பைல் சுற்றியுள்ள எட்டுப் பைல்களும் இழுத்துச் செல்லும் மண்ணில் நிற்பதால், அது கிட்டத்தட்டச் சும்மாவே கீழே போகிறது. மூலைப் பைலுக்கு அந்த உதவி குறைவு. அதே அளவு இறங்க அது தன் பங்காகக் கூடுதல் பாரம் வாங்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹாரி பௌலோஸ் 1968 முதல் இதை மீள்தன்மைக் கோட்பாட்டில் கணிதமாக்கினார். பின்னாளில் கணினி நிரல்கள் செய்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்கின் விரிவுதான்.

மணலில் அடித்து இறக்கும் பைல்களில் கதை மாறலாம். அடிக்க அடிக்க நடுவிலுள்ள மணல் இறுகும். இறுகிய மணலில் நிற்கும் நடுப் பைல் விறைப்பாகி அதிகம் சுமக்கக்கூடும். எந்த வரிசையில் அடித்தார்கள் என்பதுகூட விடையை மாற்றும். ஆகவே மூலை அதிகம், நடு குறைவு என்பதை எல்லா மண்ணுக்கும் பொது விதியாக்குவது பிழை.

கல்லூரிப் பாடத்தின் கணக்கு இவ்வளவு நுட்பம் கேட்பதில்லை. தொப்பி வளையாது, பைல்கள் ஒரே மாதிரி, ஒவ்வொன்றும் பாரத்துக்கு ஏற்ற அளவில் தாழும் என்று கொள்ளும். தூண் கூட்டத்தின் மையத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் சம பங்கு. மையம் விலகினால், விலகிய பக்கத்தில் தூரத்துக்கு ஏற்பப் பங்கு கூடும், எதிர்ப்பக்கத்தில் குறையும். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு பைல்கள், வரிசையில் இடைவெளி 2 மீட்டர், பாரம் 300 டன் என்று கொள்வோம். மையத்தில் இறங்கினால் ஒவ்வொன்றுக்கும் 50 டன். தூண் வரிசையின் நீளவாக்கில் வெறும் 20 சென்டிமீட்டர் தள்ளி நின்றால், அந்த முனையிலுள்ள இரண்டு பைல்களுக்கும் 57.5 டன், நடுவில் உள்ளவற்றுக்கு 50, மறுமுனையில் உள்ளவற்றுக்கு 42.5. ஒரு சாண் விலகலுக்கு 15 விழுக்காடு கூடுதல் சுமை. வேலைத்தளத்தில் துளையிடும் கருவி சிறிது நகர்ந்து நின்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

இந்திய விதிகள் அந்த விலகலுக்கு எல்லை வகுத்திருக்கின்றன. பைல் அஸ்திவாரத்துக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2911 முதலில் 1964இல் வந்தது. 1979இலும் 2010இலும் திருத்தப்பட்டது. பொதுவாகப் பைல் தன் இடத்திலிருந்து 75 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது; சிறிய பைல்களுக்கு எல்லை இன்னும் குறுகியது. உராய்வால் தாங்கும் பைல்களுக்கு இடையே விட்டத்தின் மூன்று மடங்கு, கெட்டியான அடுக்கில் ஊன்றி நிற்பவற்றுக்கு இரண்டரை மடங்கு இடைவெளி வேண்டும். இந்த எண்களின் பின்னால் இருப்பது ஃபெல்டும் விட்டேக்கரும் கவலைப்பட்ட அதே அண்டைப் பைல் விளைவுதான். கூட்டத்தில் ஒரு பைல் தன் பங்குக்குச் சற்றே திறன் குறைந்திருப்பது தெரியவந்தால், பத்து விழுக்காடு வரை கூடுதல் சுமையை அனுமதிக்கவும் அந்தத் தரம் இடம் தருகிறது. ஒன்றின் குறையை மற்றவை பகிர்ந்துகொள்ளும் என்பதே அதன் நியாயம்.

இந்திய மண்ணுக்கென்றே உருவான பைல் ஒன்றும் உண்டு. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். மதுரைக்குத் தெற்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கங்களில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட வீடுகளில் சுவர் விரிவது அனைவரும் அறிந்தது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் தினேஷ் மோகன் தலைமையில் இதற்கு வடிவம் கொடுத்த அண்டர்ரீம்டு பைல், ஈரம் மாறாத ஆழத்துக்கு இறங்கி, அங்கே தண்டின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்கு அகன்ற குமிழாக விரியும். மேலே மண் உப்பினால் குமிழ் நங்கூரமாகப் பிடிக்கும். பாரம் இறங்கும்போது குமிழ் அகன்ற பாதமாகும். இந்தப் பைல்களின் தலைகளை இணைக்கும் உத்தரத்தைத் தரையில் படியாமல் சற்று இடைவெளி விட்டே வார்க்க வேண்டும். இடைவெளி விடாவிட்டால் உப்பும் மண் உத்தரத்தைத் தூக்கி, பைல்களின் பங்கீட்டையே கலைத்துவிடும். கைத்துளைக் கருவியாலேயே செய்துவிடக்கூடிய இந்தப் பைல் ஏழை வீட்டுக்கும் எட்டியது. இந்தியப் பொறியியலின் பெருமைகளில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

பாரம் இடம் மாறிக்கொண்டே இருப்பதைப் பாம்பனில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலம் ஏறத்தாழ 2,065 மீட்டர் நீளம். கப்பல் வழிக்கு ஷெர்சர் முறைத் தூக்குக் கண் இருந்தது. இரண்டு இறகுகள், ஒவ்வொன்றும் 415 டன். இறகு எழும்போது வெறுமனே மேலே போகவில்லை. உருண்டபடி பின்னால் போனது. ஆகவே தாங்கும் தூணின் மேல் பாரம் இறங்கும் புள்ளியும் பின்னால் நகர்ந்தது. பாலம் மூடியிருந்தபோது ஒரு பங்கீடு, திறந்திருந்தபோது வேறொரு பங்கீடு. அஸ்திவாரம் இரண்டுக்கும் தகுந்திருக்க வேண்டியிருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாலத்தின் உத்தரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை கடலில் வீழ்ந்தன. அவற்றில் பலவற்றைக் கடலடியிலிருந்து மீட்டெடுத்து, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் பாலத்தில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடலுக்குள் நின்ற தூண்கள் நிலைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

பக்கத்தில் 1988 அக்டோபர் 2 அன்று இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலம் 333 பைல்களின் மேல் நிற்கிறது. அவற்றின் தலைகளை 101 தொப்பிகள் இணைக்கின்றன. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுக் கண் செங்குத்தாக மேலே போகிறது. அதனால் தூக்கும்போது பாரம் பின்னால் நகர்வதில்லை. இரு கோபுரங்களின் வழியாக நேராகவே இறங்குகிறது. அடித்தளம் இரட்டை ரயில் பாதைக்கு ஏற்பக் கட்டப்பட்டிருக்கிறது. மேலே இப்போது ஒரு பாதைதான். வடிவமைப்பவர் இறுதி நிலையை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஒரு பாதை மட்டும் உள்ள இடைக்கால நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ரயில் ஓடும் நாளில் தொப்பிக்கு அடியிலுள்ள பைல்களுக்குச் சம பங்கு கிடைப்பதில்லை.

சென்னை நகரத்துக்குள் பைல் வேலை இன்று அன்றாடம். முக்காலி நட்டு, உளியால் மண்ணைக் கொத்தி, பெண்ட்டோனைட் குழம்பைச் சுற்றவிட்டுத் துளை சரியாமல் காத்து, கம்பிக்கூடை இறக்கி, ட்ரெமி குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். பெரிய வேலைகளில் சுழல் இயந்திரங்கள் இதைச் செய்கின்றன. மெட்ரோ ரயிலின் மேம்பாலத் தூண்களுக்கு அடியிலும் பைல்களே. நகரின் மண் ஒரே மாதிரி இல்லை: சாந்தோம், திருவான்மியூர் பக்கம் மணல், தி.நகர், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களி. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பகுதிகளில் பாறை மேலே வந்துவிடும். துளையின் அடியில் சேறு தங்கிவிட்டால் அந்தப் பைல் அண்டையை விட மெத்தென்று இருக்கும். அதன் பங்கு அண்டைக்குப் போகும். அதனால்தான் அடித்துளையைக் கழுவுவதில் மேற்பார்வையாளர் பிடிவாதமாக இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் தனியாக ஒரு பைலைப் போட்டு, மதிப்பிட்ட பாரத்தின் இரண்டரை மடங்கு வரை ஏற்றிச் சோதிப்பதும், வேலையில் சேரும் பைல்களில் சிலவற்றை ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பதும் தரம் சொல்லும் முறை.

பள்ளிக்கரணை போன்ற சதுப்பு ஓரங்களில் வேறொரு தொல்லை உண்டு. இளகிய களியின் மேல் மண் கொட்டி மேடாக்கினால் களி ஆண்டுக்கணக்கில் தாழ்ந்துகொண்டே இருக்கும். தாழும் மண் பைலைத் தாங்குவதற்குப் பதில் அதைப் பற்றிக் கீழே இழுக்கும். கட்டடத்தின் பாரத்தோடு மண்ணின் பாரமும் சேர்ந்துவிடும். மேட்டு மண் எங்கே தடிப்பாக இருக்கிறதோ அங்குள்ள பைல்களுக்கு இந்த இழுப்பும் கூடுதல்.

சமப் பங்கீட்டை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, பங்கீட்டையே வடிவமைப்பவர் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் 1970களில் வலுப்பெற்றது. ஜான் பர்லாண்டும் உடன் எழுதியவர்களும் 1977இல், அஸ்திவாரத் தளமே பெரும் பாரத்தைத் தாங்கட்டும், தாழ்வைக் குறைக்கச் சில பைல்கள் போதும் என்று வாதிட்டனர். பிராங்க்பர்ட்டில் 256 மீட்டர் உயர மெஸ்ஸடுர்ம் கோபுரம் 64 பைல்களும் தடித்த தளமும் சேர்ந்து தாங்க எழுந்தது. நடுப் பைல் இயல்பாகக் குறைவாகச் சுமக்கும் என்பது தெரிந்ததால், உள் வளையத்துப் பைல்களை நீளமாகவும் வெளி வளையத்தவற்றைக் குட்டையாகவும் இட்டார்கள். நீளமான பைல் மண்ணில் கூடுதல் பிடிப்புப் பெறும். பாரம் நடுவுக்கு இழுக்கப்படும். விட்டேக்கரின் மாதிரிகளில் குறையாகத் தெரிந்தது இங்கே வடிவமைப்பின் கருவியாயிற்று.

மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்து, கடற்கரையிலிருந்து மலைக்குப் போனால் கேள்வி தலைகீழாகிறது. பழனி மலைத்தொடரில் பாறையைத் தேடி இறங்க வேண்டியதில்லை. பல இடங்களில் அது கையெட்டும் ஆழத்தில் இருக்கிறது. சென்னைப் பல்லாவரத்தில் காணும் சார்னோகைட் வகைப் பாறையே இங்கே மலையாக நிற்கிறது. தாண்டிக்குடி, பெருமாள்மலை பக்கங்களிலுள்ள கல்திட்டைகள் இந்தப் பாறைப்பலகைகளால் ஆனவை. செண்பகனூர் சேசு சபையைச் சேர்ந்த ஆங்கிலாடும் நியூட்டனும் அவற்றைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. நிமிர்த்திய பலகைகளின் மேல் படுத்திருக்கும் மூடுகல் பெரும்பாலும் இரண்டு மூன்று மேடுகளில்தான் உண்மையாகத் தொட்டிருக்கும். மற்றப் பலகைகள் வெறும் சுவர். பாறை மேல் பாறை வைத்தால் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர் ஊர்கள் சரிவுகளில் அமைந்தவை. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு நிலங்களில் ஒரு வீட்டுமனையைச் சமன் செய்தால், மேற்பக்கம் வெட்டிய கெட்டி மண், கீழ்ப்பக்கம் கொட்டிய இளமண். வானம் தோண்டி ஒரே ஆழத்தில் கருங்கல் அஸ்திவாரம் போட்டால் கீழ்ப்பக்கம் தாழும், மேற்பக்கம் அசையாது, சுவர் குறுக்கே வெடிக்கும். இரு பக்கமும் பாறை வரை தூண்களை இறக்குவதே தீர்வு. ஆனால் பாறையும் சரிந்து கிடக்கிறது. மேற்பக்கம் 4 மீட்டரில் பாறை, கீழ்ப்பக்கம் 12 மீட்டரில் பாறை என்றால், ஒரே தடிமனுள்ள பைல்களில் குட்டையானது மூன்று மடங்கு விறைப்பு. மேலே உத்தரங்களும் தளமும் அமைப்பைச் சாய விடாமல் பிடித்திருந்தால், நான்கு பைல்களின் 200 டன்னில் மேற்பக்கத்து இரண்டும் தலா 75 டன் வாங்கும். கீழ்ப்பக்கத்தவை தலா 25. சாய இடமிருந்தால் பாரம் சமமாகப் பிரியும், ஆனால் வீடு கீழ்நோக்கிச் சாயும். இரண்டில் ஒன்று நடந்தே தீரும்.

பக்கவாட்டு விசை வந்தால் வேறுபாடு இன்னும் கடுமை. தரைக்கு மேல் நிற்கும் தூணின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிக்குத் தலைகீழாக மாறும். ஒன்றரை மீட்டர்த் தூண், மூன்று மீட்டர்த் தூணைப்போல எட்டு மடங்கு விசை வாங்கும். நிலநடுக்கத்துக்குப் பின் இமயமலை ஊர்களில் பார்த்தால், மேற்பக்கத்துக் குட்டைத் தூண்கள் வெட்டுண்டு கிடப்பதும் கீழ்ப்பக்கத்து நெட்டைத் தூண்கள் அதிகம் சேதமின்றி நிற்பதும் இதனால்தான். மழைக்காலத்தில் சரிவின் மேல்மண் மெல்ல நகரும்போதும், அதைத் தடுக்கும் பாரம் விறைப்பான தூண்களுக்கே முதலில் போகும்.

இதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு. குட்டைத் தூணைச் சுற்றிக் குழி விட்டு அதன் தனி உயரத்தை நெட்டைத் தூணுக்கு நெருக்கமாக்கலாம். பைலின் மேற்பகுதிக்கும் மண்ணுக்கும் இடையே உறை இறக்கி, இரண்டின் வளையும் நீளத்தையும் சமப்படுத்தலாம். கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய இயந்திரம் ஏற முடியாத ஊர்களுக்கு, இத்தாலியில் ஃபெர்னாண்டோ லிட்சி 1952இல் தொடங்கிய சிறுவிட்ட மைக்ரோ பைல் முறை பொருந்தும். சிறிய துளைக் கருவியே போதும், பாறைக்குள் செருகி நிறுத்தலாம். எந்த வழியானாலும் முதலில் தெரிய வேண்டியது பாறையின் சரிவு. சமவெளியில் மனைக்கு ஒரு சோதனைத் துளை போட்டுத் திருப்தியடைபவர்கள் இங்கே அப்படிச் செய்ய முடியாது. மேற்பக்கம் ஒன்றும் கீழ்ப்பக்கம் ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு துளைகளாவது போட்டு, பாறை தட்டும் ஆழத்தை இரண்டிலும் குறித்துக்கொண்ட பிறகே பைல்களின் நீளத்தையும் ஒவ்வொன்றின் பங்கையும் எழுத முடியும்.